நாற்பத்து மூணு படமும் ஒரு படகுத்துறையும்

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறிக்கிட்டு இருந்தப்ப 'ஹாங்காங் - அக்டோபர் 2006'னு ஒரு ஃபோல்டர் சிக்கியது. உள்ளே 43 படங்கள். நாற்பத்து மூணும் ஒரே காட்சிதான். கருப்புத் தண்ணி, அதுக்கு மேலே வரிசையா வெளிச்சம் போட்ட கட்டடங்கள். கல்யாண வீட்டு வீடியோகிராபர் கூட இவ்வளவு தடவை ஒரே ஆளைப் படம் எடுத்திருக்க மாட்டார் :-)

அப்போ ஆபீஸ் வேலையா பத்து நாள் அங்கே இருந்தேன். கையில் 5 மெகாபிக்ஸல் சின்னக் கேமரா. ட்ரைபாட் கிடையாது. கவுலூன் பக்கம், சிம் ஷா சுய் கரையில் ஒரு பழைய கடிகாரக் கோபுரம் இருக்கு. அதுக்குப் பக்கத்திலிருந்துதான் எல்லாரும் எதிர்க்கரை ஹாங்காங் தீவைப் படம் எடுப்பாங்க. நானும் போய், கைப்பிடிச் சுவர் மேல கைக்குட்டையை மடிச்சு வச்சு, அதுமேல கேமராவை உட்கார வச்சேன். ரெண்டு செகண்ட் டைமர். ஷட்டர் எட்டு செகண்ட் திறந்திருக்கும். அந்த எட்டு செகண்டும் நான் மூச்சு விடலை. (கேமரா சுவர் மேல இருக்கும்போது நான் ஏன் மூச்சை அடக்கணும்? இன்னைக்கு வரைக்கும் புரியலை.)

ராத்திரி படம் எடுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். முழு இருட்டு வரும்வரை காத்திருக்காதீங்க. சூரியன் மறைஞ்ச இருபது நிமிஷத்தில் வானம் அடர் நீலமா இருக்கும், கட்டட விளக்கும் எரிய ஆரம்பிச்சிருக்கும். அப்போ எடுத்தால்தான் கட்டடத்தின் விளிம்பு தெரியும். அப்புறம் எடுத்தால் வெறும் புள்ளிகள்தான். என் 43ல் 38 அந்த ரகம்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தக் காட்சி எப்படி உருவாச்சு?

1842 நான்கிங் ஒப்பந்தத்தில் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1860ல் கவுலூன் முனையும் வந்தது. அன்னைக்குத் தீவின் கரை குயின்ஸ் ரோடு பக்கத்தில் இருந்தது. இன்னைக்கு அந்த ரோட்டில் நின்னா கடல் கண்ணுக்கே தெரியாது. நடுவில் இருப்பதெல்லாம் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். 1890ல் தொடங்கிய பெரிய தூர்ப்பு வேலைக்குப் பின்னால் இருந்தவர் பால் சாட்டர். கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர். நான் படம் எடுத்த பளபளப்பில் பெரும்பங்கு, ஒரு காலத்தில் படகு ஓடிய இடம்.

படகுன்னதும் இன்னொரு நம்மூர் ஆள் வர்றார். 1888ல் இங்கே படகுக் கம்பெனி ஆரம்பிச்சவர் டொராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்கிற பார்சி. பேரைக் கேட்டதுமே பிடிச்சுப் போச்சு. 1898ல் அந்தக் கம்பெனி கை மாறி 'ஸ்டார் ஃபெரி' ஆச்சு. படகுகளுக்கு எல்லாம் நட்சத்திரப் பேர்தான், 'மார்னிங் ஸ்டார்' மாதிரி.

கட்டடங்கள் வானத்துக்கு ஏறியதெல்லாம் பிற்பாடுதான். 1985ல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைச்ச எச்எஸ்பிசி வங்கி. 1990ல் ஐ.எம். பெய்யின் பாங்க் ஆஃப் சைனா கோபுரம், கத்தி முனை மாதிரி. அந்த முனைகள் பக்கத்துக் கட்டடங்களைக் குத்துது, வாஸ்து சரியில்லைன்னு ஊரே பேசியதாம். (அங்கே அதுக்குப் பேர் ஃபெங் ஷுய். பயம் மட்டும் ஒண்ணுதான்.) 2003ல் 412 மீட்டர் உயர ஐஎஃப்சி.

இதெல்லாம் தீவுப் பக்கம். நான் நின்ன கவுலூன் பக்கம் மட்டும் ஏன் குள்ளமா இருந்தது? காரணம் கை டாக் விமான நிலையம். ஊர் நடுவில், வீட்டு மாடிகளை உரசுற மாதிரி விமானம் இறங்கும். அதனால் கவுலூனில் உயரக் கட்டுப்பாடு இருந்தது. 1998ல் நிலையத்தை மூடினாங்க, கட்டுப்பாடும் தளர்ந்தது. 2010ல் கவுலூனிலேயே 484 மீட்டரில் ஐசிசி எழுந்துடுச்சு. ஆக ஒரு நகரத்தோட உருவத்தை கட்டடக் கலைஞர் மட்டும் வரையறது இல்லை, விமானம் இறங்குற பாதையும் வரையுது.

இப்போ என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

அங்கே ஆபீஸில் ஒரு உள்ளூர் நண்பர். என் படங்களைப் பொறுமையா பார்த்துட்டுக் கேட்டார்: "தினமும் ஃபெரியில் போய் அந்தப் பக்கம் இறங்குறியே, அந்தத் துறையை எடுத்தியா? அடுத்த மாசம் அதை மூடப் போறாங்க."

தீவுப் பக்கம் எடின்பரோ பிளேஸில் இருந்த ஸ்டார் ஃபெரி துறை அது. 1957ல் கட்டியது. வெள்ளையா, சதுரமா, சாதாரணமா ஒரு கட்டடம், மேலே ஒரு கடிகாரக் கோபுரம். நம்மூர் பஸ் ஸ்டாண்டு அழகுதான். "அதில் என்ன இருக்கு எடுக்க?"ன்னு சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

அதில் என்ன இருந்ததுன்னு ஊருக்குத் திரும்பின பிறகுதான் படிச்சேன். 1966ல் முதல் வகுப்புக் கட்டணத்தை 5 காசு ஏத்தப் பார்த்தாங்க. ஸோ ஸௌ சுங் என்கிற இளைஞர் அந்தத் துறையில் தனி ஆளா உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அவரைக் கைது செய்ய, ஊர் கொதிச்சு, கலவரமாகி ஒரு உயிரும் போச்சு. ஹாங்காங் மக்கள் தெருவுக்கு வந்து கேள்வி கேட்ட கதையில் அந்தத் துறைக்கு ஒரு இடம் இருக்கு.

2006 நவம்பர் 11ந்தேதி அங்கிருந்து கடைசிப் படகு. டிசம்பரில் கோபுரத்தை இடிச்சாங்க. இளைஞர்கள் உள்ளே புகுந்து மறிச்சும் நிக்கலை. எதுக்கு? இன்னும் கொஞ்சம் கடலைத் தூர்க்க! துறைமுகத்தைத் தூர்க்கிறதுக்கு எதிரா 1997லேயே சட்டம் வந்தாச்சு, 2004ல் உச்ச நீதிமன்றமும் கட்டாயத் தேவை இருந்தால்தான் தூர்க்கலாம்னு சொல்லியாச்சு. அப்படியும் இந்தத் துறை தப்பலை.

வேடிக்கை என்னன்னா, நான் எந்தக் கோபுரத்துப் பக்கம் நின்னு படம் எடுத்தேனோ, அதுவும் ஒரு மிச்சம்தான். 1915ல் கட்டிய ரயில் நிலையக் கோபுரம். 1978ல் நிலையத்தை இடிச்சப்ப கோபுரத்தை மட்டும் விட்டு வச்சாங்க. காப்பாத்தின கோபுரத்தடியில் நின்னுக்கிட்டு, இடிக்கப் போற கோபுரத்தைப் பார்க்காம, அதுக்குப் பின்னால இருந்த வங்கிகளை 43 தடவை எடுத்திருக்கேன்.

சில வருஷம் கழிச்சு மறுபடி போனேன். இந்த முறை ட்ரைபாட் எல்லாம் உண்டு. புதுத் துறை கடலுக்குள் தள்ளிப் போயிருந்தது, நூறு வருஷம் முந்தைய பாணியில் புதுசா கட்டின 'பழைய' கட்டடமா! இறங்கி ஆபீசுக்கு நடக்கிற தூரம் கூடியிருந்தது. நண்பரும் வேலை மாறிப் போயிருந்தார். "நீங்க சொன்னது சரி"ன்னு சொல்ல ஆள் இல்லை.

போன வாரம் அந்த 43ஐயும் ஒவ்வொண்ணா பெருசாக்கிப் பார்த்தேன். பதினேழாவது படம், நீல வானம் இருந்தப்ப எடுத்தது. ஐஎஃப்சிக்கு இடது பக்கம், தண்ணி ஓரத்தில், வெளிறின ஒரு சின்னக் குச்சி. நாலஞ்சு பிக்ஸல் இருக்கும். கடிகாரம் தெரியலை, மணி தெரியலை. அதுதான்.

மத்த படங்களை அழிச்சுட்டு இதை மட்டும் ரெண்டு இடத்தில் காப்பி எடுத்து வச்சிருக்கேன். உங்க ஊரிலும் தினம் இறங்குற ஏதாவது ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு படித்துறை இருக்கும். அழகா இல்லைன்னாலும் பரவாயில்லை, ஒரு படம் எடுத்து வச்சிருங்க மக்களே.