ஐயமும் சோதனையும்: வாக்குப்பதிவு இயந்திர விவாதத்தில் மாற்றுக்கருத்தின் இடம்

தேர்தல் முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பற்றிய சர்ச்சை இணையத்தில் மூண்டுவிடுகிறது. முறைகேடு நடந்துவிட்டது என்கிறது ஒரு தரப்பு. தோற்றவர்களின் புலம்பல் என்று தள்ளிவிடுகிறது மறு தரப்பு. இந்தச் சண்டையில் இரண்டு வெவ்வேறு கூற்றுகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. 'தேர்தல் திருடப்பட்டது' என்பது நடந்த நிகழ்வைப் பற்றிய கூற்று. 'திருடப்பட்டிருந்தாலும் நம்மால் கண்டறிய முடியாது' என்பது முறையைப் பற்றிய கூற்று. முதலாவது கூற்று இதுவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. இரண்டாவது கூற்றோ இந்தியத் தேர்தல் முறையையே மாற்றியிருக்கிறது. ஆகவே ஒரு மாற்றுக்கருத்தைச் சொன்னவர் யார், அதை எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்பவற்றைக் கொண்டு அதை மதிப்பிடுவது தவறு. எந்தச் சோதனையைச் செய்தால் தன் ஐயம் தீரும் என்று அது சொல்கிறதா என்பதே சரியான அளவுகோல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சொன்னவரை வைத்து எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இயந்திரத்தின் வரலாறே சான்று. 1982-இல் கேரளத்தின் பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. வாக்குப்பதிவுக்கு முன்பே அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடியவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் சிவன் பிள்ளை. அவர் 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வென்றதும் நிலைமை தலைகீழானது. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் இயந்திரத்தை எதிர்த்து வழக்காட, சிவன் பிள்ளை அதே இயந்திரத்தின் முடிவைக் காத்து நின்றார். சட்டத்தில் இடமில்லாத முறையில் வாக்குப்பதிவு நடத்தக் கூடாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூறி, அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. 1988-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. பின்னர் 2009 தேர்தலில் தோற்ற பாரதிய ஜனதா கட்சியின் எல்.கே. அத்வானி இயந்திரத்தின் மீது ஐயம் எழுப்பினார். 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் தோற்ற மாயாவதி அதே ஐயத்தை அந்தக் கட்சிக்கு எதிராகத் திருப்பினார். கட்சிகளின் நிலைப்பாடு இப்படி இடம் மாறிக்கொண்டே இருப்பதால் எல்லா ஐயமும் போலி என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறவில்லை. தன்னலத்துக்காகக் கேட்கப்பட்ட கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

அந்தக் கேள்வியைத் துல்லியமாக வடித்தது 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்க்ரைப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. உண்மையான இயந்திரம் ஒன்றைக் கைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்து அவர்கள் இரண்டு வழிகளைக் காட்டினர். ஒன்று, கட்டுப்பாட்டுக் கருவியில் எண்ணிக்கையைக் காட்டும் பலகையை எடுத்துவிட்டு, பார்வைக்கு அதே போன்ற வேறொன்றைப் பொருத்துவது. மற்றொன்று, வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் இடைப்பட்ட நாட்களில், வாக்குகள் பதிவாகியுள்ள நினைவகச் சில்லின் மீது ஒரு சிறு கவ்வியை மாட்டி எண்களை மாற்றுவது. இயந்திரம் எந்த வலையமைப்போடும் இணைக்கப்படாதது, ஆகவே பாதுகாப்பானது என்பதே தேர்தல் ஆணையத்தின் வழக்கமான பதில். தொலைவிலிருந்து ஊடுருவ முடியும் என்று சொல்பவருக்கு அது தக்க பதில்தான். ஆனால் இந்த ஆய்வு இணைய ஊடுருவலைப் பற்றிப் பேசவே இல்லை. இயந்திரத்தை யாரால் கையால் தொட முடியும் என்றே கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், இயந்திரம் அவரிடம் வந்த விதம் குறித்த வழக்கில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். பொருள் எங்கிருந்து வந்தது என்பதை விசாரிக்கக் காவல் துறைக்கு உரிமை உண்டு. எனினும் கவ்வி எழுப்பிய கேள்விக்கு அந்தக் கைது விடையாகவில்லை.

எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் என்பதில் தமிழ் வாசகர்களுக்குப் பெருமிதம் உண்டு. அது நியாயமான பெருமிதம். வாக்குச்சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகச் சீட்டுகளில் முத்திரை குத்திய காலத்தில், நிமிடத்துக்கு 5 வாக்குகளுக்கு மேல் ஏற்காத ஒரு கருவியை உருவாக்கியது கூர்மையான சிந்தனை. ஆனால் அந்தப் பொறியாளர்கள் தம் காலத்து மோசடிக்கு விடை கண்டார்கள். அடுத்த காலத்து மோசடியைப் பற்றிக் கேட்பவர்கள் அவர்களை இழிவுபடுத்தவில்லை. அவர்களின் வேலையைத் தொடர்கிறார்கள்.

அந்தத் தொடர்ச்சிக்குப் பலனும் கிடைத்தது. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சுதந்திரமான, நியாயமான தேர்தலுக்குக் காகிதச் சான்று இன்றியமையாதது என்று தீர்ப்பளித்தது. இன்று வாக்காளர் கண்ணாடி வழியே 7 விநாடிகள் பார்க்கும் விவிபேட் என்னும் காகிதச் சான்றுச் சீட்டு, ஒருகாலத்தில் வீண் பீதி என்று ஒதுக்கப்பட்ட கருத்தின் விளைவு. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைவிடக் கண்டிப்பாக இருந்தது. 2005 தேர்தலில் பயன்பட்ட இயந்திரங்களை எதிர்த்த வழக்கில் முறைகேட்டுக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. ஆயினும், வாக்கெடுப்பின் முக்கியமான படிகளைச் சிறப்பறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்று கூறி, 2009 மார்ச்சில் அந்த இயந்திரங்களின் பயன்பாட்டை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. இது நிபுணர்களுக்கே விடவேண்டிய விவகாரம் என்பாருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

சோதனையைப் பெயர் சொல்லிக் கேட்கும் ஐயம் இருபுறமும் வெட்டும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணச் சொன்னது. 6 சட்டமன்றத் தொகுதிகளும் 1,500 சாவடிகளும் கொண்ட ஒரு மக்களவைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே 30 இயந்திரங்கள் சோதிக்கப்படும். 15 இயந்திரங்களில் மட்டும் கோளாறு இருந்தால், அவற்றில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 74. கோளாறு 150 இயந்திரங்களில் இருந்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 4 ஆகச் சுருங்கிவிடும். நாடு முழுவதும் இயந்திரங்கள் மாற்றப்பட்டன என்பவரின் கூற்றை இந்தக் கணக்கு வீழ்த்துகிறது. அவ்வளவு பெரிய முறைகேடு சீட்டு எண்ணிக்கையில் தப்பியிருக்க முடியாது. அதே சமயம், மயிரிழையில் வெற்றி முடிவாகும் தொகுதிக்கு இந்த மாதிரி போதாது என்பதையும் காட்டுகிறது. நாடு முழுவதற்கும் சில நூறு இயந்திரங்களைச் சோதித்தால் போதும் என்ற வாதத்தை ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி மறுத்தது இத்தகைய கணக்கைக் கொண்டுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். தனித்தனியே வெற்றி தோல்வி முடிவாகும் 543 தொகுதிகள் 543 பானைகள்.

ஓயாமல் ஐயம் கிளப்பினால் மக்களாட்சி மீதான நம்பிக்கையே கரைந்துவிடும் என்பது வலுவான மறுப்பு. அதை லேசாகக் கடந்துவிடக் கூடாது. தோற்கும்போது மட்டும் எழுந்து, எந்தச் சான்றுக்கும் அடங்காத ஐயம் நம்பிக்கையை அரிக்கத்தான் செய்கிறது. 2017-இல் ஆம் ஆத்மி கட்சி டெல்லி சட்டமன்றத்தில் தானே கொண்டுவந்த மாதிரி இயந்திரத்தில் வாக்குகளை மாற்றிக் காட்டியது. ஆணையத்தின் இயந்திரத்தைப் பற்றி அதிலிருந்து எதையும் அறிய முடியாது. அதே ஆண்டு ஜூனில் ஆணையம் விடுத்த சவாலோ உட்புறச் சுற்றுப்பலகையை மாற்ற இடம் தராமல், 2010-இல் எழுந்த கேள்வியை வாசலிலேயே நிறுத்திவிட்டது. நம்பிக்கையைக் கெடுத்ததில் இரண்டுக்கும் பங்கு உண்டு. அதுவரை நான்கு கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகள் சரிபார்க்கப்பட்ட செய்தி உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்பில் இடம்பெற்றது. அந்த உறுதியை நாட்டுக்குத் தந்தவை, ஐயப்பட்டவர்கள் போராடிப் பெற்ற சீட்டுகள்தாம். நம்பச் சொன்னவர்களின் வாக்குறுதியால் மட்டும் அது வந்திருக்காது.

2024 ஏப்ரல் 26 அன்று சீட்டுகள் அனைத்தையும் எண்ணும் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. எனினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் 7 நாட்களுக்குள் கட்டணம் செலுத்தி, தொகுதியின் 5 விழுக்காடு இயந்திரங்களில் உள்ள சில்லுகளைப் பொறியாளர்களைக் கொண்டு சரிபார்க்கக் கோரலாம் என்றது. வாக்காளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சீட்டுகளை எண்ணும்படி வேட்பாளர் கோரினாலும், ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் கையில் இருக்கிறது. வெற்றி வித்தியாசம் குறையக் குறைய எண்ணப்படும் சீட்டுகளைத் தானாகவே கூட்டும் விதி வேண்டும். யார் வென்றாலும் ஒரே மாதிரி செயல்படும் அந்த விதியை, இன்று ஆளுங்கட்சியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அடுத்த முடிவு வருவதற்கு முன்பே கேட்க முடியும்.