பெயரின்மையின் அரசியல்: ‘டார்’ வலைப்பின்னலை முன்வைத்து

பெயர் போடாமல் எழுதப்படும் கடிதத்தைத் தமிழில் ‘மொட்டைக் கடிதாசி’ என்கிறோம். சொல்லிலேயே இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேருக்கு நேர் நின்று பேசத் துப்பில்லாதவன் எழுதுவது என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டால் யாருக்கு வேலை போகும், யார் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்பதையெல்லாம் இந்தச் சொல் கேட்பதேயில்லை. பெயரின்மையைக் கோழைத்தனம் என்று திட்டுபவர்களும் சரி, தனிமனித சுதந்திரம் என்று கொண்டாடுபவர்களும் சரி, அதை ஒற்றை ஆளின் குணமாகவே பார்க்கிறார்கள். இணையத்தில் முகம் மறைத்துப் பேசுவதற்கான மென்பொருள்களின் வரலாற்றைப் பார்த்தால் பெயரின்மை ஒரு கூட்டத்தின் பண்பு என்று தெரிகிறது.

1981இல் டேவிட் சாம் என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். கடிதத்தின் உள்ளே இருப்பதைச் சங்கேதமாக்கி மறைத்துவிடலாம். ஆனால் யார் யாருக்கு எழுதினார், எப்போது எழுதினார் என்பதை எப்படி மறைப்பது? உறைமேல் இருக்கும் முகவரிகளே போதுமே, ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தயாரித்துவிட. சாம் சொன்ன வழி இது: கடிதத்தை உறைக்குள் உறையாகப் போட்டு ஓர் இடைக் கணிப்பொறிக்கு அனுப்புவது. அது பலருடைய கடிதங்களையும் சேர்த்துவைத்து, மேலுறையைக் கிழித்து, வந்த வரிசையைக் கலைத்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். ஒரே ஒரு கடிதம்தான் வந்திருக்கிறது என்றால் கலைப்பதற்கு என்ன இருக்கிறது? கூட்டம் என்ற பிரச்சினை முதல் நாளே வந்துவிட்டது.

நடைமுறையில் முதலில் பெரிதாகப் பரவியது இவ்வளவு நுட்பமில்லாத ஒன்று. 1993இல் பின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் ‘பெனெட்’ என்ற அஞ்சல் மாற்றுச் சேவையைத் தொடங்கினார். உங்கள் முகவரியை நீக்கிவிட்டு ஓர் எண்ணைப் போட்டுக் கடிதத்தை அனுப்பிவைக்கும். பதில் திரும்பி வர வேண்டுமே, அதனால் எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவர் கணிப்பொறியில் இருந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை நம்பினார்கள். 1995இல் சயன்டாலஜி என்ற மத நிறுவனம் தன் ஆவணங்கள் கசிந்துவிட்டதாகப் புகார் செய்ய, போலீஸ் வாரண்டோடு வந்தது. மொத்தப் பட்டியலும் போய்விடாமலிருக்க ஒரே ஒரு பெயரைக் கொடுத்தார். மறுபடியும் வழக்கு. மின்னஞ்சலுக்குத் தொலைபேசிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று நீதிமன்றம் சொன்னதும், 1996 ஆகஸ்டில் கடையை மூடிவிட்டார்.

ஹெல்சிங்கியஸ் நல்ல மனிதர்தான். அவருடைய நேர்மையைவிட அந்த அமைப்பின் வடிவம்தான் முக்கியமானது என்பது என் எண்ணம். பட்டியல் என்று ஒன்று இருந்தால் ஒருநாள் யாராவது வந்து கேட்பார்கள். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஹெல்சிங்கியஸின் பட்டியலைச் சட்டம் போட்டே எழுதச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியலே இல்லாத வழியை யோசித்தது யார் என்பதுதான் வேடிக்கை: அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம். கோல்ட்ஷ்லாக், ரீட், சிவர்சன் ஆகிய மூவர் 1996இல் ‘வெங்காய வழி’ முறையை வெளியிட்டார்கள். (பெரியார் வாயில் அடிக்கடி வரும் சொல். உரித்தால் ஒன்றுமில்லை என்பார். இங்கே உரித்தால் செய்தி இருக்கிறது.) செய்தி மூன்று இடைக் கணிப்பொறிகள் வழியாகப் போகிறது. ஒவ்வொன்றும் ஒரு தோலை மட்டுமே உரிக்கும். தனக்கு முன்னால் இருப்பவரையும் அடுத்து இருப்பவரையும் மட்டுமே அதற்குத் தெரியும். அனுப்பியவரையும் போய்ச் சேரும் இடத்தையும் சேர்த்து அறிந்தவர் நடுவில் ஒருவருமில்லை.

கடற்படை மட்டுமே இதைப் பயன்படுத்தினால் என்னாகும்? அந்த வலையிலிருந்து எது வெளியே வந்தாலும் அது கடற்படையுடையது என்று தெரிந்துவிடும். முகமூடியே சீருடையாகிவிடும். ஆகவே அதை ஊருக்கெல்லாம் கொடுத்தாக வேண்டும். சிவர்சனோடு டிங்கிள்டைன், மேத்யூசன் என்ற இரண்டு இளைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய ‘டார்’ 2002இல் இயங்கத் தொடங்கியது. நிரல் பொதுவில் விடப்பட்டது. 2006இல் அது லாப நோக்கற்ற நிறுவனமானது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்க அரசிடமிருந்தே வந்தது.

‘அப்போ இது சிஐஏ சரக்குதானே’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் ஸ்னோடன் மூலம் 2013இல் வெளிவந்த ஆவணங்களில், அதே அமெரிக்காவின் உளவு நிறுவனமான என்எஸ்ஏ, டாரின் எல்லாப் பயனாளர்களையும் எப்போதும் அடையாளம் காண முடியாது என்று அலுத்துக்கொள்கிறது. ஒரு கை காசு கொடுக்க, மறு கை பூட்டை உடைக்கப் பார்க்கிறது. ஃபூக்கோவைப் படித்த நாம் காவல் கோபுரத்தில் இருப்பவர் மட்டும் காணப்படாமல் இருப்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே கோபுரத்துக்காரர் தானும் ஒளிந்துகொள்ளச் சந்தைக் கூட்டத்துக்குள் இறங்கி வர வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஈரானிய மாணவரும் உண்டு, பத்திரிகையாளரும் உண்டு, 2011 முதல் 2013 வரை ‘சில்க் ரோடு’ நடத்திய போதைமருந்து வியாபாரமும் உண்டு. நல்லவர்களை மட்டும் மறைக்கிற கூட்டத்தை யாராலும் உண்டாக்க முடியாது.

இதை மந்திரக் கவசம் என்று நினைத்தாலும் ஆபத்துதான். 2007இல் ஸ்வீடன்காரர் ஒருவர் டாரின் கடைசி இடைக் கணிப்பொறிகள் சிலவற்றைத் தானே நடத்தி, அவ்வழியே சங்கேதமாக்கப்படாமல் போன கடவுச்சொற்களைச் சேகரித்தார். இந்தியா உள்படப் பல நாட்டுத் தூதரகங்கள் அம்பலப்பட்டன. 2013 டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர் பரீட்சையைத் தள்ளிப்போட டார் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். சங்கேதத்தை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக இணைப்பில் டாரைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று பார்த்தார்கள். மாட்டிக்கொண்டார்.

நம் இயக்கங்களில் ஆபத்து வந்த பிறகுதான் இதையெல்லாம் தேடுகிறோம். அப்போது ஊரில் அதைப் பயன்படுத்தும் நாலு பேரில் நாமும் ஒருவர் என்பதே நம்மைக் காட்டிக்கொடுக்கப் போதும். ‘என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை’ என்பவரின் பங்கு இங்கேதான் வருகிறது. டாரில் பக்கங்கள் மெதுவாகத்தான் திறக்கும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு அவர் அதில் சினிமா விமர்சனமோ சமையல் குறிப்போ படித்துக்கொண்டிருந்தால், பேர் தெரியாத யாரோ ஒருவருக்கு மறைந்து நிற்க இடம் கிடைக்கும்.