அபர்தீன் கரையில் ஒரு மாலை உலா

ஸ்ரீ விஜயபுரம் என 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேயரில், அபர்தீன் கடைவீதி மணிக்கூண்டினின்று கடற்கரை நோக்கி நடப்போமாயின், சிறு தொலைவிலேயே மூன்று வரலாறுகளைக் காண்கின்றோம்.

கரையோரத்தே நிற்பது அபர்தீன் போர் நினைவுச்சின்னம். 1859 மே திங்களில், தம் காட்டையும் கரையையும் காக்க, அந்தமான் தொல்குடியினர் வில்லேந்தி ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை எதிர்த்துப் பொருது வீழ்ந்தனர். எதிரே தெரிவது ஆங்கிலேயரின் தலைமையிடமாய் விளங்கிய ராஸ் தீவு. 2018 முதல் நேதாஜியின் பெயர் தாங்குகின்றது. மேட்டின்மீது 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறை. அதன் ஏழு சிறகுகளுள் மூன்றே எஞ்சியுள்ளன.

சிறையின் கதையை நம் குழந்தைகள் அறிவர்; கரையோரச் சின்னத்தின் கதையை அறியார். பிழைப்பு நாடிக் கப்பலேறி வந்த நாம் குடியிருப்பது அம்மக்கள் இழந்த மண்ணில் அன்றோ? அடுத்த உலாவில் குழந்தைகளின் கைப்பற்றி அதன்முன் ஒரு கணம் நிற்போமாக!