நாள்பட்ட புராஸ்டேட் அழற்சியும் புற்றுநோய் கண்டறிதலும்

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. விந்து நீரின் ஒரு பகுதி இதில்தான் ஊறுகிறது. இந்தச் சுரப்பியில் மாதக்கணக்கில் நீடிக்கும் அழற்சி, நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி எனப்படும். சிலருக்கு அடிவயிற்றிலும் இடுப்பிலும் வலி, சிறுநீர்க் கடுப்பு என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும். பலருக்கு எந்த அறிகுறியும் இராது.

அழற்சியும் புற்றுநோயும் ஒன்றோடொன்று குழம்பும் இடம் பி.எஸ்.ஏ. எனும் புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை. புற்றுநோயைக் கண்டறிய உதவும் சோதனையாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை 1994இல் ஏற்றது. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது நெடுநாள் வழக்கத்தில் இருந்த எல்லை. ஆனால் இந்தப் புரதத்தை நலமான புராஸ்டேட் செல்களும் சுரக்கின்றன. அழற்சியால் சுரப்பியின் உட்சுவர் சிதையும்போது அது இரத்தத்தில் கசிந்து, அளவு ஏறிவிடும்.

அப்படியானால் அழற்சியே புற்றுநோயாக மாறுமா?

அழற்சியுற்ற புராஸ்டேட்டின் சாயமேற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், சுரப்பிக் குழிகளைச் சுற்றி லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள் கருநீலப் புள்ளிகளாக மொய்த்திருக்கும். அருகிலேயே சுருங்கிப்போன சில குழிகள். அவற்றின் செல்களோ வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஞ்செலோ டி மார்சோ குழுவினர் 1999இல் இந்த மாற்றத்தை விவரித்து, இது புற்றுநோயின் முன்படியாக இருக்கலாம் என்றனர்.

மனிதர்களிடம் நடந்த இரு பெரிய ஆய்வுகளின் தரவுகளோ எதிரெதிர் திசை காட்டின. அவற்றின் அலசல்கள் இரண்டும் 2014இல் வெளியாயின. ‘ரெட்யூஸ்’ ஆய்வில் சேர்ந்தவர்கள் பி.எஸ்.ஏ. உயர்ந்திருந்தும் முதல் பயாப்ஸியில், அதாவது திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனையில், புற்றுநோய் இல்லாதவர்கள். அவர்களில் நான்கில் மூவருக்கு மேல் நாள்பட்ட அழற்சி இருந்தது. அழற்சி இருந்தவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் குறைவாகவே கண்டறியப்பட்டது. புராஸ்டேட் புற்றுநோய்த் தடுப்பு ஆய்விலோ, பி.எஸ்.ஏ. அளவு எப்படி இருந்தாலும் முடிவில் எல்லோருக்கும் பயாப்ஸி செய்வதாகத் திட்டம். அதில் மருந்தற்ற மாத்திரை உட்கொண்ட பிரிவினரை ஒப்பிட்டபோது, புற்றுநோய் உள்ளவர்களில் 86 சதவீதத்தினரிடம் அழற்சி தென்பட்டது. இல்லாதவர்களில் 78 சதவீதம். தீவிர வகைப் புற்றுநோயில் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

முரண்பாட்டின் சாவி, யார் பயாப்ஸிக்கு வந்தார்கள் என்பதில் இருக்கிறது. அழற்சி பி.எஸ்.ஏ.வை ஏற்றி, புற்றுநோய் இல்லாத பலரையும் பயாப்ஸிக்கு அனுப்பிவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்குள் மட்டும் கணக்கெடுத்தால் அழற்சி ஒரு கவசம்போலத் தோன்றும். அதை வைத்து அழற்சியைக் கவசம் என்று சொல்லிவிட முடியாது.

எம்.ஆர்.ஐ. படத்திலும் அழற்சி புற்றுநோய்போலத் தோன்றக்கூடும். காசநோயாலோ, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குத் தரப்படும் பி.சி.ஜி. சிகிச்சையாலோ வரும் ஒரு வகை அழற்சியில் சுரப்பி மருத்துவரின் விரலுக்குப் புற்றுநோய்போலவே கெட்டியாகத் தட்டுப்படும். அங்கே பயாப்ஸிதான் உறுதி சொல்லும்.

ஆகவே ஒருமுறை பி.எஸ்.ஏ. கூடிவிட்டால் அதைப் புற்றுநோய் என்று எண்ணி நொறுங்க வேண்டாம். தொற்று இருந்தால் அது குணமாகிச் சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ‘வெறும் அழற்சி’ என்று அறிக்கை வந்தாலும், மருத்துவர் சொல்லும் அடுத்த சோதனையைத் தவறவிடக் கூடாது.