மாத்தளை மலைக்காடும் அரசின் திட்டமும்

மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாகக் கிழக்கே செல்லும் பாதை வளைந்து வளைந்து ஏறி, ரிவஸ்டன் கணவாயைக் கடந்து, இலக்கலைப் பகுதியில் இறங்குகிறது. கணவாயின் மேற்குப் புறத்தில் முகில் படிந்த பசுங்காடு. கிழக்குப் புறத்திலே சிறிது தூரம் சென்றதும் காற்று அலைக்கும் புல்வெளியும் வறண்ட சரிவுகளும். நக்கிள்ஸ் என்றும் தும்பறை மலைகள் என்றும் வழங்கும் இத்தொடர், கண்டி மாவட்டத்துக்கும் மாத்தளை மாவட்டத்துக்கும் பொதுவானது. இங்கே பிறக்கும் அருவிகள் மகாவலி கங்கையையும் அதன் கிளையான அம்பன் கங்கையையும் சேர்ந்து, தாழ்நிலத்து வயல்களுக்கு நீரூட்டுகின்றன.

காலநிலையைக் காப்பதற்காக அரசாங்கம் திட்டம் வகுப்பது அண்மைக்கால வழக்கம் என்றே பலரும் எண்ணுவர். மாத்தளை மலைகளின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இம்மலையின் உச்சிக் காடுகள் காலநிலையின் பொருட்டு ஒதுக்கப்பட்டன. அந்த ஒதுக்கீடு எவ்வாறு எழுந்தது, எவ்வளவு பயன்பட்டது, அதற்குரிய விலையை யார் கொடுத்தார் என்பவற்றை அறிந்துகொண்டால், இன்றைய திட்டங்களை எடைபோடுவது எளிதாகும்.

1840ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமையை நாட்ட முடியாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவையாகக் கொண்டது. கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த நிலத்துக்குப் பத்திரம் ஏது? நிலம் அரசின் கையிற் சேர்ந்தது. 1844 வரையில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங்குக்கு விலைப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரே பலர் இருந்தனர். மலைக்காடு கோப்பித் தோட்டமாயிற்று.

கோடரியைப் பிடித்த கைகள் தென்னிந்தியத் தமிழருடையவை. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் கால்நடையாகவே அவர்கள் மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். உயிருடன் வந்து சேர்ந்தவர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாயிற்று; இன்று சிறப்புடன் விளங்கும் முத்துமாரியம்மன் ஆலயம் அவ்வழித்தோன்றல்களின் வழிபாட்டுத் தலமாகும். பெருமரங்களை வீழ்த்தி, அவை காய்ந்ததும் தீயிட்டு, சாம்பலின் மேல் கோப்பிக் கன்று நாட்டுவதே அன்றைய முறை. பல நூறாண்டுகளாக மரங்களில் அடங்கியிருந்த கரி, சில நாட்களில் புகையாகி வானத்திற் கலந்தது. அதனை ஒரு கேடென்று அன்று எவரும் கணக்கிடவில்லை.

நிலமிழந்த கிராமங்களின் மேல் புதிய வரிகளும் விழுந்தன. 1848 ஜூலையில் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். வரிகளே கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயினும், நிலத்தின் மீதிருந்த மனக்குறையும் அதற்குப் பின்னணியில் இருந்தது.

காடு குறைந்தால் மழை குறையுமோ என்ற அச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவரவியலாரிடையே பரவியிருந்தது. இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் சர் ஜோசப் ஹூக்கர், 1873இல், இலங்கையில் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டலாகாது என்று குடியேற்ற நாட்டு அமைச்சுக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே நக்கிள்ஸ் தொடரின் உயர்ந்த பகுதி காலநிலைக் காப்புக் காடாக ஒதுக்கப்பட்டது. இந்தியக் காட்டிலாகாவைச் சேர்ந்த வின்சென்ட் என்பார் 1882இல் இலங்கைக் காடுகளைப்பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1887இல் காட்டுத் திணைக்களம் அமைந்தது.

இந்த ஐயாயிரம் அடிக் கோட்டை ஊன்றி நோக்க வேண்டும். கோப்பி செழித்து வளர்ந்தது பெரும்பாலும் அக்கோட்டுக்குக் கீழேதான். துரைமாருக்கு வேண்டிய நிலத்தைத் தொடாமல், வேண்டாத உயரத்தையே அரசு காத்தது என்றால் அது மிகையாகாது. செலவில்லாத இடத்திற் கோடு கிழிப்பது எந்த அரசுக்கும் எளிது. அதற்குக் கீழே காடு அழிந்துகொண்டேயிருந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் வீழ்த்தியது. கோப்பிக்காகவே பெரிதும் விரும்பப்பட்ட புகையிரதப் பாதை 1880இல் மாத்தளையை எட்டியபோது, கோப்பியோ இறக்குந் தறுவாயில் இருந்தது. பின்னர் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அந்நிலங்களில் இடம்பிடித்தன.

உச்சிக் காடும் முற்றாகத் தப்பவில்லை. ஏலத்துக்கு நிழல் வேண்டும். ஆதலால் பெருமரங்கள் நிற்க, அடிக்காடு களையப்பட்டு ஏலம் நடப்பட்டது. காயை உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் அங்கேயே வெட்டப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் காடு காடாகவே தோன்றிற்று. உள்ளே இளமரம் இல்லை. நெடுங்காலத்தின் பின்னரே அரசு இப்பயிர்ச்செய்கையைக் கட்டுப்படுத்தியது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற் காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளியுடனும் சிவனொளிபாதமலைக் காடுகளுடனும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலில் நக்கிள்ஸின் பரப்பு 31,305 ஹெக்டேயர்.

இதற்கிடையில், காலநிலை என்ற சொல்லின் பொருளே விரிந்துவிட்டது. காற்றிலுள்ள சில வாயுக்கள் வெப்பத்தைப் பற்றிக்கொள்வதை ஜோன் டின்டல் 1859இல் ஆய்வுகூடத்திற் காட்டினார். நிலக்கரிப் புகையால் பூமி சூடேறக்கூடும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1896இல் கணக்கிட்டார். 1958இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் சாள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 315 பங்கு. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. ஹூக்கர் மழைக்காகக் காக்கச் சொன்ன அதே காடு, இன்று கரியை அடக்கிவைக்கும் களஞ்சியமாகவும் மதிக்கப்படுகிறது. காடு மேகத்தை இழுக்கும் என்ற அன்றைய எண்ணம் முழுவதும் சரியன்று. ஆயினும் முகில் தவழும் உயரத்திலுள்ள மரங்கள் அதன் ஈரத்தை இலையிற் பற்றி, வேர்வழியே மண்ணிற் சேர்த்து, கோடையிலும் அருவி ஓடச் செய்கின்றன. காரணம் மாறினும் கடமை மாறவில்லை.

அந்த அருவிநீரே மின்சாரமுமாகிறது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மாத்தளை மாவட்டத்து உக்குவளைக்குக் கொணர்ந்து, 1976இல் அங்கே மின்நிலையம் இயக்கப்பட்டது. அதே நீர் 1981இல் போவத்தென்னையிலும் சுழலியைச் சுற்றத் தொடங்கியது. இவை ஒவ்வொன்றும் 40 மெகாவாற்று ஆற்றலுடன் அமைந்தவை. அண்மையில் மொரகஹகந்த அணை 25 மெகாவாற்று ஆற்றலைச் சேர்த்தது. புகையின்றிப் பிறக்கும் மின்சாரம் இது. ஆனால் 1996இன் கடும் வறட்சி, நீரை மட்டும் நம்பியிருந்த நாட்டை இருளில் ஆழ்த்தியது. பின்னர் நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் எழுந்தது. 2011இல் தொடங்கி 2014இல் அதன் ஆற்றல் 900 மெகாவாற்றாயிற்று. மலைக்காடு நலிந்து நீர் குன்றினால் நிலக்கரிக்கே கை நீளும் என்பது இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகும்.

இலங்கை 2016இல் பாரிஸ் உடன்படிக்கையை ஏற்றது. 2021இல் வெளியிட்ட திட்டத்தில், பச்சைவீட்டு வாயுக்களின் வெளியேற்றத்தை, வழமைப்படி சென்றால் 2030 வரை எட்டக்கூடிய அளவிலிருந்து 14.5 வீதம் குறைப்பதாகக் கூறியது. இதில் 4 வீதம் நாட்டின் சொந்த முயற்சி; எஞ்சிய 10.5 வீதம் வெளியுதவி கிடைத்தாலன்றி ஆகாது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதும், ஏறத்தாழ முப்பது வீதமாயுள்ள காட்டுப் பரப்பை 32 வீதமாக்குவதும் அத்திட்டத்தின் அங்கங்கள். அயலிலே தமிழ்நாட்டு அரசு, 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கத்தின் வழியாகக் காடும் மரமும் சேர்ந்த பரப்பை 33 வீதமாக உயர்த்த முனைந்துள்ளது. உலகம் முழுவதும் வெளிவிடும் புகையிலே இலங்கையின் பங்கு மிகச் சிறிது. பெருந்தொழில் நாடுகளின் பங்கே மிகப் பெரிது. ஆதலால் உதவி கேட்பது இரத்தலன்று, நியாயமே.

எனினும் 1873இன் பாடத்தை மறத்தலாகாது. வலியோர்க்கு இழப்பில்லாத இடத்திற் கோட்டைக் கிழித்து, எளியோரின் தோளிற் சுமையை ஏற்றும் திட்டம் நெடுநாள் நிலைப்பதில்லை. அன்று சேனை நிலத்தை இழந்தவர் கிராமத்தவர். மரத்தை வெட்டிய தோட்டத் தொழிலாளிக்கோ அந்நிலத்தில் ஒரு சாணும் சொந்தமில்லை. அண்மையில் களுகங்கை அணைக்காக இலக்கலைப் பழைய நகரம் நீரில் மூழ்க, அங்கிருந்தோர் புதிய ஊருக்குப் பெயர்ந்தனர். பிறருடைய வயலுக்கும் விளக்குக்கும் தம் வீட்டையும் வயலையும் கொடுத்தவர்கள் அவர்கள்.

இன்று மீண்டும் மரம் நடவேண்டிய சரிவுகளுள் பல, கைவிடப்பட்ட தேயிலை நிலங்களும் பழைய சேனைகளுமே. அவற்றை அண்டி வாழ்பவர் சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தோட்ட மக்களும். நடுங்கன்றைக் காக்கும் கூலியும், வளர்ந்த காட்டின் பயனில் ஒரு பங்கும், இருக்க ஒரு துண்டு நிலமும் அவர்களுக்கு உறுதியானால், காட்டுக்கு வேறு காவல் வேண்டியதில்லை. மூதாதையர் வெட்டிய காட்டை வழித்தோன்றல்கள் வளர்க்கும் அந்நாளில், கொழும்பில் எழுதப்பட்ட திட்டம் மாத்தளை மலையில் வேரூன்றியதாகக் கொள்ளலாம்.