பிழை சொல்லும் தொழில்

1931-ல் மின்சார ரயிலும் 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரியும் வந்து சேர்ந்தபின் மெல்ல மெல்லப் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்ட தாம்பரத்தில், 1984-ல் மத்திய சர்க்கார் ஓர் ஏற்றுமதி மண்டலத்தை ஸ்தாபித்த காலத்தில், ஏற்றுமதி என்றால் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றும் சரக்கு என்பதே பொதுஜன அபிப்பிராயம். இன்று ‘மெப்ஸ்’ என்று வழங்கும் அந்த மண்டலத்திலும், 2000-ல் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பார்க்கிலும், பின்னர் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் எழுந்த கட்டடங்களிலும், கண்ணுக்குப் புலப்படாத மென்பொருள் என்னும் சரக்கு உற்பத்தியாகவே, அது பழுதற்றதா என்று பரீட்சிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ‘டெஸ்டர்’ வர்க்கமும் இப்பிரதேசத்தில் வேரூன்றியது.

பரீட்சை செய்வதைக் காட்டிலும் அதன் பலனை உரியவரிடம் சேர்ப்பதே இத்தொழிலின் சிரமமான பகுதி. சோதனைத் திட்டம், குறிப்பேடு, பிழை அறிக்கை, முடிவுச் சுருக்கம் ஆகியவை எவ்வாறு அமைய வேண்டும் என்று ஐ.இ.இ.இ. சங்கம் 1983-லேயே ஒரு விதிமுறை வகுத்திருந்தது. ஆயினும் நடைமுறையில், ஒவ்வொரு ‘டெஸ்ட் கேஸ்’ எதிரிலும் ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்று எக்ஸெல் தாளில் நிரப்பி, ‘லீட்’ என்னும் மேலாளிடம் கொடுக்க, அவர் பலருடைய தாள்களைத் தொகுத்து, நியூயார்க்கில் பொழுது விடிவதற்குள் மின்னஞ்சலில் அனுப்புவதே வழக்கமாயிற்று. கை மாறும் தோறும் ‘ஃபெயில்’ என்ற சொல்லின் கடுமை சற்றே குறைந்து, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற சமாதானமாக மாறுவதும் உண்டு.

இந்த இடைத்தரகை ஒழித்தது, சோதனை முடிவுகளைத் திரையில் காட்டும் டாஷ்போர்டு என்னும் பலகை. மொஸில்லா திட்டத்தின் டிண்டர்பாக்ஸ், மென்பொருள் சரியாகக் கட்டப்பட்டதா என்பதைப் பச்சை, சிவப்பு நிறங்களால் எல்லோரும் காணுமாறு 1990-களின் இறுதியிலேயே காட்டியது. டார்ட்டும், அதன் வாரிசாக அமெரிக்காவின் கிட்வேர் நிறுவனம் உருவாக்கிய சிடாஷும், எந்த ஊரிலிருக்கும் கணினியாயினும் இரவில் தானே சோதனைகளை ஓட்டி முடிவுகளை மத்திய சர்வருக்கு அனுப்புவதற்கும், காலையில் அவை ஒரே அட்டவணையாகத் திரளுவதற்கும் வழி செய்தன. இணையப் பக்கங்களைத் தானே இயக்கிச் சோதிப்பதற்கென 2004-ல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியமும், மென்பொருளைக் கட்டிச் சோதனைகளைத் தானே ஓட்டுவதற்கெனக் கோஸுகே கவாகுச்சி உருவாக்கி 2011-ல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய ஹட்ஸனும் நம் ஊர் டெஸ்டர்களின் அன்றாட உபகரணங்களாயின. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் சோழிங்கநல்லூரில் காணும் சிவப்பை, கடல் கடந்த அதிகாரியும் அதே க்ஷணத்தில் காண்கிறார். அதை மென்மைப்படுத்தி எழுத நடுவில் எவருமில்லை.

ஆனால் பலகை, கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். பிழையில்லாமலே ஒரு நாள் சிவந்து மறுநாள் பச்சையாகும் ‘ஃப்ளேக்கி’ சோதனைகள் பெருகினால், ஜனங்கள் சிவப்பைப் பார்த்துப் பார்த்து அலட்சியம் கொள்வர். காலக்கெடு நெருங்குகையில் தோற்ற சோதனையை நிறுத்திவிட்டுப் பச்சையைப் பெறும் சாமர்த்தியமும் தலைகாட்டும். பிழையை மேலிடத்துக்குச் சொல்லும் தைரியம் முன்பு டெஸ்டருக்குத் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பை யந்திரம் ஏற்றுக்கொண்டபின், எதைச் சோதிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் விவேகமே அவருடைய தொழிலாக எஞ்சியிருக்கிறது. சம்பளமும் மதிப்பும் இனி அதற்கே தரப்பட வேண்டும்.