கத்தக்குறிச்சி சாந்தி

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி ஒரு சின்ன கிராமம். அந்த ஊர்ப் பெயர் உலகச் செய்திகளில் வந்தது 2006-இல். காரணம் சாந்தி சௌந்தரராஜன்.

சாந்தி பிறந்தது 1981-இல். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகள் உள்ள தலித் குடும்பம். சாப்பாட்டுக்கே கஷ்டம். ஓடச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா. பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் ஜெயித்து, 2005-இல் தென் கொரியாவின் இஞ்சியான் நகரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டி. பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் தங்கம் வென்றார். 2 நிமிடம் 3.16 விநாடிகளில் ஓடி சாந்தி இரண்டாவதாக வந்தார். ஊரே கொண்டாடியது. ஆனால் சில நாட்களிலேயே, பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி தொலைக்காட்சிகளில் ஓடியது. வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டது.

சாந்தி ஊக்கமருந்து எடுக்கவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்கள் பிரிவில் ஓடியவர். உடலின் இயல்பான அமைப்பு எப்படிக் குற்றமாகும்? ரகசியமாக இருக்க வேண்டிய ஒரு மருத்துவ விஷயம் ஊர் அறிய அலசப்பட்டதுதான் பெரிய கொடுமை.

அப்போதைய முதல்வர் கருணாநிதி அறிவித்த 15 லட்ச ரூபாய் பரிசை, சர்ச்சைக்குப் பிறகும் கொடுத்தார். சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தரத் தொடங்கினார். 2009 வாக்கில் 60-க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றார்கள். ஆனால் நிரந்தர வேலை இல்லை. 2012-இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்வது பத்திரிகைகளில் வந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து முடித்தார். 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் பறிபோய்ப் பத்து வருடம் கழித்து!

இதே சோதனையைச் சந்தித்த மற்ற இருவரைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009-இல் பெர்லினில் 800 மீட்டர் தங்கம் வென்றதும் பரிசோதனைக்கு உள்ளானார். அவர் நாடு அவர் பக்கம் நின்றது. பதக்கமும் அவரிடமே இருந்தது. ஒடிசாவின் டூட்டி சந்த் 2014-இல் தடை செய்யப்பட்டபோது, இந்திய அரசு அமைப்புகளின் ஆதரவோடு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார். 2015-இல் அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டது. சாந்தியின் வழக்கோ அந்த மன்றத்தின் வாசலைக்கூடத் தொடவில்லை.

சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 2025 செப்டம்பர் முதல் உலக தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்கு மரபணுப் பரிசோதனை கட்டாயம். விதி எதுவானாலும், ஒரு வீராங்கனையின் மானம் காக்கப்பட வேண்டும். அவருக்காக வாதாட ஒருவராவது கூட இருக்க வேண்டும். சாந்திக்கு 2006-இல் இரண்டுமே கிடைக்கவில்லை. தனக்குக் கிடைக்காத துணையைத்தான் அவர் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார்.